பரோட்டாவுக்கு ஆலிவ் எண்ணெய்

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு மீன் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். உடம்பைக் குறைக்க நண்பன் சேகர் மத்தியதரைக் கடல் நாட்டு உணவுமுறைக்கு மாறியிருக்கிறான். எதிரே கிடப்பது வங்கக் கடல் என்பதால், ஆலிவ் எண்ணெய் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறான். வழக்கமாகத் தின்னும் எதையும் அவன் நிறுத்தவில்லை. எல்லாவற்றின் மேலும் இதை ஊற்றிக்கொள்கிறான், அவ்வளவுதான். வறுத்த வஞ்சிரத்துக்கும் இரண்டு பரோட்டாவுக்கும் இப்போது அபிஷேகம் நடக்கிறது.

கடைக்கார அக்கா பாட்டிலைப் பார்க்கிறார்.

“இது இன்னாத்துக்குண்ணா?”

“உடம்பு இளைக்கிறதுக்குக்கா.”

“அப்டியா? எங்க வூட்டுக் கொழந்தைக்கு இதத்தான் தேச்சுகினு கீறோம். நல்லா கொழுகொழுன்னு கீது.”



“அது மேல தேய்க்கிறது. உள்ள போனா வேற மாதிரி வேலை செய்யும்” என்றபடி, சேகர் மூன்றாவது பரோட்டாவுக்குத் தட்டை நீட்டுகிறான்.