இன்ஃபார்ம்டுன்னு எழுதிட்டுப் போன பென்னி

பென்னிய எங்க கம்பெனில இங்லீஷ் வாத்தியாருன்னுதான் கூப்டுவாங்க. ஆரம்பாக்கத்துக்காரரு. அப்பா அம்மா கழனி வேல செஞ்சு பத்தாவது வரைக்கும் படிக்க வெச்சாங்க, மீதிய அவரே கத்துக்கினாரு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்புத் தகடு அடிக்கிற கம்பெனி எங்களுது. அவரு பிரஸ் மெஷின்ல காலைல ஷிப்டு. நான் திலகவதி, பேக்கிங்ல கீறேன். என் தம்பி சசிகுமாரு அதே மெஷின்ல ரெண்டு மணி ஷிப்டு.

பென்னி சட்டப் பையில ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஒருத்தருக்கு ஒரு விஷயத்த சொல்றதுக்கு இங்லீஷ்ல எத்தினி வார்த்த கீதுன்னு அதுல ஒரு பக்கம் பூரா எழுதி வெச்சிருப்பாரு. இன்ஃபார்ம், இன்டிமேட், கன்வே, கிளாரிஃபை, எக்ஸ்ப்ளெயின். "எல்லாம் ஒண்ணுதானண்ணா?"ன்னு கேட்டா கோவம் பொத்துக்கினு வரும்.

"அது எப்டிம்மா ஒண்ணாவும்? இன்ஃபார்ம்னா தகவல் குடுத்தாச்சு, அவ்ளோதான். எக்ஸ்ப்ளெயின்னா எதுருல கீறவனுக்குப் புரியற வரைக்கும் நின்னு சொல்லணும்" அப்டிம்பாரு.

கம்பெனில பாதிப் பேரோட லீவு லெட்டரு அவரு எழுதினதுதான். எங்க மாமியா செத்ததுக்குக்கூட 'இன்டிமேட்' போட்டுத்தான் எழுதிக் குடுத்தாரு. எங்களுக்கு சிரிப்பா வரும், ஆனா லீவு கெடைக்கும்.

முன்னெல்லாம் ஷிப்டு மாறும்போது மெஷினாண்ட நின்னு, இன்னா கோளாறுன்னு வாயால சொல்லிட்டுத்தான் போவாங்க. அப்புறம் ஆடிட்டுக்கு வந்தவங்க, எல்லாம் புக்ல இருக்கணும், அதுவும் இங்லீஷ்ல இருக்கணும்னுட்டாங்க. அன்னிலேர்ந்து போறவன் எழுதுவான், வர்றவன் கீழ கையெழுத்துப் போடுவான். படிக்கத் தெரியுமான்னு ஒருத்தனும் கேக்கல. சசி எட்டாவதோட நின்னவன். அவனுக்கு இங்லீஷ்ல அவன் கையெழுத்து ஒண்ணுதான் தெரியும்.

அந்த பிரஸ்ல ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் சேத்து அழுத்தினாத்தான் மெஷின் எறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னுதான் அப்டி வெச்சிருக்காங்க. போன ஆடி மாசம் ஒரு நாள் வலது பட்டன் உள்ள போயி சிக்கிக்கிச்சு. அப்டி சிக்கினா இடது பட்டன் ஒண்ணே போதும், மெஷின் எறங்கிடும். பென்னி அத கண்டுபுடிச்சாரு. புக்ல எழுதினாரு, கடைசில 'இன்ஃபார்ம்டு'ன்னு போட்டாரு. சூளூர்பேட்ட ரயிலு வண்டிய வுட்டா ஆரம்பாக்கம் போறதுக்கு ரொம்ப நேரம் காத்துக்கினு கெடக்கணும். ஓடிட்டாரு. சசி வந்தான், கீழ கையெழுத்துப் போட்டான், மெஷின்ல நின்னான்.

அர மணி நேரம்கூட ஆவல. தகட்ட உள்ள வெக்கிறப்ப இடது கை பட்டன்ல பட்டுச்சு. வலது கை மணிக்கட்டோட போச்சு. சத்தம் கேட்டு நான் பேக்கிங்லேர்ந்து ஓடினேன். அத நான் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு மறுநாளே ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரு ஆப்பிள் வாங்கினு வந்தாரு. வைத்தியத்துக்குன்னு சொல்லி ஒரு பேப்பர்ல சசி ரேகைய வாங்கினு போனாரு. சாயங்காலம் பென்னி வந்தாரு. மண்ண வாரித் தூத்தினேன் அவர. "ஒரு வார்த்த வாயால சொல்லிருந்தா இன்னாய்யா கொறஞ்சு பூடுவ? அவனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. நின்னு சொல்லிருக்கணும்"னு கட்டில் கால்ல சாஞ்சுகினு அழுதாரு.

"கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்"னு சொல்லிட்டு மூஞ்சிய திருப்பிக்கினேன்.

கவர்மெண்ட் லேபர் ஆபீஸ்ல விசாரண ஆரம்பிச்சுது. மெஷின் கோளாறுன்னு முடிவானா, ஒத்தக் கையால செய்யற வேல எதுனா சசிக்குக் குடுத்தே ஆவணும். அவன் தப்புன்னு ஆச்சுன்னா வேல போயிடும். ஒத்தக் கைக்காரன வேற எவன் சேத்துப்பான்? ரெண்டு வயசுல அவனுக்கு பொண்ணு வேற.

கம்பெனி ஆபீஸ்ல பென்னியக் கூப்ட்டு, 'ஐ எக்ஸ்ப்ளெயின்டு டு சசிகுமார்'னு டைப் அடிச்ச பேப்பர நீட்டினாங்க. கையெழுத்துப் போட்டா வேல நிலைக்கும். அவருக்கும் ஏஞ்சலின்னு காலேஜ் படிக்கிற பொண்ணு கீது. பேப்பர ரெண்டு தபா படிச்சிட்டு, "நான் எக்ஸ்ப்ளெயின் பண்ணல சார். எழுதி வெச்சிட்டு வண்டி புடிக்கப் போயிட்டேன்"னு சொல்லிட்டாராம். அன்னிக்கே கேட்ல அவரு கார்ட வாங்கி வெச்சிக்கினாங்க. பதினெட்டு வருசத்து வேல. அந்தக் கோவத்துலயும் எனக்கு அவரு மேல மரியாத வந்துச்சு.

விசாரண அன்னிக்கு சாட்சி சொல்ல எங்க கூடவே வந்தாரு. நடந்தத மறைக்காம சொன்னாரு. அதிகாரி எல்லாத்தையும் கேட்டுக்கினாரு. அப்புறம் கம்பெனி குடுத்த கட்டுலேர்ந்து ஒரு பேப்பர எடுத்து, "அப்ப இது?"ன்னு பென்னி கையில குடுத்தாரு. பென்னி படிச்சாரு. மறுபடியும் படிச்சாரு.

"இன்னாண்ணா எழுதிருக்கு?"ன்னேன்.

எனக்குப் புரியணும்னு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னாரு. "பட்டன் சிக்கி கீதுன்னு பென்னி எனக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணாரு. நான்தான் கேக்காம ஓட்டினேன். தப்பு என்னுது. அப்டி எழுதி கீதும்மா. கீழ சசியோட ரேகை."

ஆஸ்பத்திரில அவன் மயக்கத்துல கெடந்தான். அந்த இடது கட்டவெரலப் புடிச்சு, மையில தோச்சு, கலையாம அழுத்தி வெச்சது நான்தான்.