ஓ பாசிட்டிவ் அப்பாக்கள்

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஏறக்குறைய இரண்டு வாரம் நான் என் அப்பாவுக்கு மகளாக இல்லாமல் இருந்தேன். அது அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எனக்கும் என் மரபியல் ஆசிரியருக்கும் மட்டுமே தெரியும். வினையே அவரால் வந்ததுதான்.

எங்கள் கல்லூரி சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ் வழியில் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா லாரி ஓட்டுகிறவர். மீதியில் கொஞ்சம் பேருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. ஆசிரியர் அப்போதுதான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மற்றப் பாடங்களை நின்றபடி நடத்துகிறவர், மரபியலும் மருத்துவமும் எழுப்பும் அறக்கேள்விகள் என்ற பாடம் வந்தால் மட்டும் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஒருவரின் ரத்தத்தைச் சோதிப்பதற்கு முன்னால், எதற்காகச் சோதிக்கிறோம், அதில் என்னவெல்லாம் தெரியவரலாம் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்பார். தேடாத உண்மை கையில் சிக்கினால் யாரிடம் சொல்வது, சொல்லலாமா கூடாதா என்று எங்களையே கேட்பார். கேட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். எங்களுக்கும் நெஞ்சு கனத்துவிடும்.

இப்படியெல்லாம் நடத்திய மறு வாரமே, "எல்லாரும் அம்மா, அப்பாவோட ரத்தப் பிரிவை எழுதிட்டு வாங்க, வம்சாவளிப் படம் போடலாம்" என்றார். ஊருக்குத்தான் உபதேசம்.

எங்கள் ரத்தத்தை ஆய்வகத்திலேயே விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டோம். நான் ஏபி. அம்மாவுடையது என்னைப் பெற்றபோது கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது, ஏ. அப்பா அப்போது வடக்கே லோடு போயிருந்தார். வீட்டிலிருந்த அவருடைய டிரைவிங் லைசென்ஸ் நகலில் ஓ பாசிட்டிவ் என்று தெளிவாகப் போட்டிருந்தது. எழுதிக்கொண்டு போனேன்.

உயிரியல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏபி ரத்தத்தில் ஏ ஒருவரிடமிருந்து வந்திருக்கும், பி இன்னொருவரிடமிருந்து வந்திருக்கும். அம்மா ஏ கொடுத்துவிட்டாள். ஓ காரரிடம் கொடுக்க ஏயும் கிடையாது, பியும் கிடையாது. அப்படியானால் என் பி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை நான் வகுப்பில் படம் போடும்போதே கேட்டுக்கொண்டேன். பென்சில் நின்றுவிட்டது. ஆசிரியர் குனிந்து பார்த்தார். அவருக்குக் காது மடல்வரை சிவந்தது.

அறைக்கு வரச் சொல்லி, கதவைச் சாத்தாமல், குரலைத் தாழ்த்திப் பேசினார். பம்பாய் ரத்த வகை என்று ஒன்று இருக்கிறதாம். மிக மிக அரிது. சாதாரணச் சோதனையில் ஓ என்று காட்டும், ஆனால் உள்ளே பி ஒளிந்திருக்கும். "உங்க அப்பா அப்படி இருக்கலாம்மா. நிச்சயமா இருக்கலாம். இதை யார்கிட்டயும் சொல்லாதே, வீட்டிலயும் கேட்காதே. இது ரகசியம் காக்க வேண்டிய விஷயம்" என்றார். தான் நடத்திய அறநெறியில் அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தது இந்த ஒன்றைத்தான். அதனால்தான் எல்லாம் கெட்டது.

அடுத்த இரண்டு வாரம் நான் கண்ணாடி முன்னாலேயே குடியிருந்தேன். மூக்கு அம்மாவுடையது. நெற்றி அம்மாவுடையது. காலில் சுண்டுவிரல் மட்டும் அப்பாவுடையது போல இருந்தது. ஆனால் சுண்டுவிரல் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று பஸ்ஸில் மற்றவர்கள் காலைப் பார்த்தபோது தெரிந்தது. அப்பா மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லாதவர் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். முதன்முறையாக அதை வேறு மாதிரி யோசித்தேன். யோசித்ததற்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். அறைந்துவிட்டு மறுபடியும் யோசித்தேன்.

பால் சொசைட்டிச் செயலாளருக்குத் தாடையில் ஒரு குழி உண்டு. எனக்கும் உண்டு. ஒரு வாரம் அவர் தாடையைப் பார்த்தபடியே பால் ஊற்றினேன். கேன் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை. கடைசியில் அவரே கூச்சப்பட்டு, "சின்ன வயசுல டிவிஎஸ்ஸிலிருந்து உளுந்தது அம்மணி, தையல் போட்டது" என்றார். தையல் தழும்பு பரம்பரையாக வராது. எந்தத் தேர்வில் விடை தெரிந்தபோதும் எனக்கு அவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

அம்மா வழக்கம்போல இருந்தாள். விடிகாலையில் மாட்டைக் கறந்தாள், எனக்குத் தலைவாரிவிட்டாள், டப்பாவில் சோறு கட்டினாள், சீரியல் பார்த்து வில்லியைத் திட்டினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்ன கண்ணு?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். அவள் கையால் தின்றுகொண்டே அவளைச் சந்தேகப்படுவது தொண்டையில் மீன் முள் மாதிரி இருந்தது. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தால் ரகசியம் என்று ஆசிரியர் சொன்னது ஞாபகம் வரும்.

முடிச்சு பஸ்ஸில் அவிழ்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து வரும் தோழி ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிராத. எங்கப்பா பம்பாய் குரூப்பாமாடி" என்றாள்.

"உங்கப்பாவுமா?"

மறுநாள் விசாரித்தோம். ஏழெட்டுப் பேர் தேறினார்கள். ஏழெட்டுப் பேரையும் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டு, தனித்தனியாக ரகசியம் காத்திருந்தார் மனிதர். உலகத்திலேயே அரிதான ரத்தம் ராசிபுரம் வட்டாரத்தில் மட்டும் கத்தரிக்காய் மாதிரி காய்த்துத் தொங்கியது. எல்லாப் பம்பாய் அப்பாக்களும் வண்டி ஓட்டுகிறவர்கள். நாங்கள் எல்லாரும் லைசென்ஸைப் பார்த்து எழுதியவர்கள். சேலத்திலிருந்து வரும் ஒரு கிறித்தவப் பெண்ணின் அப்பா தையல்காரர், லைசென்ஸே கிடையாது. சர்ச்சில் ரத்ததானம் கொடுத்தபோது பார்த்ததை எழுதியிருந்தாள். அவள் படத்தில் ஒரு பிழையும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பா லோடு இறக்கிவிட்டு வந்தார். குளித்து, வாசலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்கப்பா, லைசென்ஸ் எடுக்கறப்ப ரத்தம் எங்க டெஸ்ட் பண்ணுனீங்க?"

"ரத்தமா? எட்டுப் போட்டுக் காமிச்சேன். ரத்தமெல்லாம் ஆரு கேட்டா?"

"அதுல ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங்களே?"

"அது புரோக்கர் எழுதுனது சாமி. என்ன குரூப்புங்கண்ணான்னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? நல்லதா ஒண்ணு போட்டுடுங்கன்னேன். ஓ பாசிட்டிவ்தான் எல்லாத்துக்கும் செல்லும், அதையே போட்டுர்றேன்னாரு. அன்னிக்கு வந்த அத்தன பேருக்கும் அதையேதான் போட்டாரு. நல்ல மனுசன்."

எனக்கு அந்த நல்ல மனுசனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கழுத்தை நெரிக்கவும் தோன்றியது. உடனே தோழிக்குப் போன் போட்டேன். அவள் ஓவென்று அழுதுவிட்டு, "எங்கப்பாவுக்கும் லைசென்ஸ் எடுத்துக் குடுத்தது அந்த ஆளுதான்டி. எனக்கு இது போதும். இதுக்கு மேல தோண்ட வேண்டாம்" என்றாள்.

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. லைசென்ஸில் இருப்பது பொய் என்று தெரிந்ததே தவிர, மெய் எது என்று தெரியவில்லையே. அப்பாவின் ரத்தத்தைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அதில் ஒரு சிக்கல். நட்டநடு ரோட்டில் தனியாக டயர் மாற்றுகிற என் அப்பா ஊசியைக் கண்டால் சுருண்டுவிடுவார். எனக்குத் தடுப்பூசி போட்டபோதே அவர் தெருமுனையில் போய் நின்றுகொண்டாராம். சக்கரை டெஸ்ட் என்று பொய் சொல்லி இழுத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். ஆனால் காரணம் சொல்லாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை என்று அந்த ஆசிரியர் மேஜை மேல் உட்கார்ந்து சொன்னது, பாழாய்ப் போனது, மண்டையில் ஏறியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏபி, ஏ, ஓ, காணாமல் போன பி, ஆசிரியர் தனியாகக் கூப்பிட்ட ஏழெட்டுப் பேர்.

நான் சொல்லி முடிப்பதற்குள் சமையலறையில் மிக்ஸி நின்றது.

அப்பா நகவெட்டியைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கையை வைத்து, "இந்தா பாரு சாமி. டெஸ்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என்ன வந்தாலும் நீ என்ற புள்ளதான்" என்றார். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்லவரை விட்டு வேறு யாருக்கு நான் மகளாக இருக்கப் போகிறேன் என்று அவர் தோளில் சாய்ந்தேன்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்ன வந்தாலும்னா? என்னங்க வரும்?"

"இல்ல புள்ள, ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கா? ஏனுங்க, நீங்க என்னைய மன்னிக்கறீங்களா? எதுக்குங்க மன்னிக்கறீங்க? நான் என்ன பண்ணுனேன்னு மன்னிக்கறீங்க?"

அப்பா என் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அதுக்குத்தான் என்ற மூஞ்சிய அப்பிடி உத்து உத்துப் பாத்தியா? உனக்குக் கண்ணுல கோளாறு, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகோணும்னு நான் பயந்து கெடக்கறேன். அப்பன் ரத்தம் என்னன்னு எழுதுனீங்க. புள்ள ரத்தத்தக் குத்திப் பாத்தீங்க. உன்ற வாத்தியார் எட்டுப் புள்ளைகளக் கூப்பிட்டு குசுகுசுன்னு பேசியிருக்கறாரு. இதுல பேரு கெடறது ஆருதுன்னு ஒருத்தராச்சும் யோசிச்சீங்களா? என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எந்த அம்மாவையும் யாரும் கேட்கவில்லை. பாடத்தில் சோதிக்கப்படுபவரின் சம்மதம் இருந்தது, குழந்தையின் உரிமை இருந்தது, தந்தையின் உரிமைகூட இருந்தது. வீட்டில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருப்பவளைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

"எந்திரிங்க" என்றாள் அப்பாவிடம்.

"அதான் டெஸ்ட் வேண்டாங்கறேனே..."

"உங்களுக்கு வேண்டாம். எனக்கு வேணும். சட்டையப் போடுங்க."

ராசிபுரம் லேப்பில் ரத்தம் எடுக்கிற பெண், பயப்படாதீங்கண்ணா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்றாள். அப்பா முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருடைய இன்னொரு கை அம்மாவின் முந்தானையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அம்மா பிடுங்கவில்லை, ஆனால் அவர் பக்கம் பார்க்கவும் இல்லை. முடிவு வரும்வரை மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

பி பாசிட்டிவ்.

அப்பா ஊசியை மறந்தார். லேப்பில் எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். வெளியே வந்து டீக்கடைக்காரரிடம், "நான் பி பாசிட்டிவ்ங்க" என்றார். அவர் என்ன ஏதென்று தெரியாமல், "சந்தோசங்க" என்றார். நான் சிரித்தேன், அழுதேன், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அம்மா முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் தெரிந்ததும் ஆசிரியர் அந்தப் பயிற்சியை நிறுத்தினார். அடுத்த ஆண்டிலிருந்து எல்லாரும் பட்டாணிச் செடிக்குத்தான் வம்சாவளிப் படம் போட்டார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது லேப்புக்குப் போன அன்றைய மத்தியானத்தை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா சோறு போட்டாள். போட்டுவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அது ஓ-ன்னே வந்திருந்தா?"

அப்பாவின் கை பாதி வழியில் நின்றது. காலையில் சொன்ன பெருந்தன்மையை இப்போது மறுபடி எடுத்தால் வீடு ரெண்டாகிவிடும். அந்தச் சோதனையை நம்பியிருக்க மாட்டேன் என்று சும்மா சொன்னாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அவர் யோசித்தார். மெய்யாகவே யோசித்தார்.

"வேற லேப்புக்குப் போயிருப்பேன்."

"அங்கியும் ஓ-ன்னா?"

"இன்னொரு லேப்பு."

"ராசிபுரத்துல இருக்கறதெல்லாம் தீந்துட்டா?"

"சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ்ல தெருவுக்குத் தெரு இருக்குது புள்ள" என்றார் அப்பா. "அவனுகளுக்குச் சரியாப் பாக்கத் தெரியற வரைக்கும் குத்திக்குவேன்."

ஊசிக்குப் பயந்த மனிதர் அதைச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குழம்புச் சட்டியை எடுத்து, அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றி, அடியிலிருந்த கறித்துண்டையும் தேடி எடுத்து வைத்தாள்.

நான் என் தட்டை நீட்டினேன். அவள் சட்டியை மூடிவிட்டு எழுந்து போனாள்.