ரிட்டயர் ஆகத் தெரியாத அகிலாண்டம்

துறையூர்ப் பக்கத்திலிருந்து நர்சிங் படிக்க வந்து, முசிறியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, கடைசியில் திருச்சியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கே நர்சிங் சூப்பிரண்டாக ஆனவர் அகிலாண்டம் மேடம். அவர் ரிட்டயரான அன்று மாலை போட்டு, ஆஸ்பத்திரி வேனிலேயே ஸ்ரீரங்கத்து வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டோம். ஹெட் நர்ஸான நான் உட்பட எல்லோரும் அழுதோம். அவ்வளவு அழுதிருக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையே வார்டுக்குப் போன் வந்துவிட்டது.

“யமுனா, அந்த ஓரத்து பெட் தாத்தா சாப்பிட்டாரா?”

ரிட்டயரான மனுஷி கோயிலுக்குப் போக வேண்டாமா? மத்தியானம் கொஞ்சம் கண் அசர வேண்டாமா? எங்கள் மேடத்துக்கு அதெல்லாம் ஒத்துவராது. பெற்ற பிள்ளையைவிட டூட்டி லிஸ்ட்டைத்தான் அதிகம் கொஞ்சியிருப்பார். அவர் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் சொல்கிறேன், தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. எங்கள் பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. லீவு வேண்டுமென்றாலும் நைட் டூட்டியை மாற்ற வேண்டுமென்றாலும் ஸ்ரீரங்கத்துக்குத்தான் போன் போட்டார்கள். அவரும் வாய் நிறைய “மாத்திக்கோம்மா” என்றுவிடுவார்.

புது சூப்பிரண்டு ஷரபுன்னிசா மேடம், அகிலாண்டம் மேடத்திடமே வேலை கற்றவர். அதிர்ந்து பேச மாட்டார். அவர் போட்ட டூட்டி ஒன்று, நடக்கிற டூட்டி வேறொன்று என்றாகிவிட்டது. ஒரு நாள் ஃபெமினா என்ற நர்ஸ் இப்படி மாற்றிக்கொண்டு போனதில் ஆபரேஷன் வார்டில் ஆளே இல்லை. ஷரபுன்னிசா மேடமே ஓடிப்போய் நின்று டிரிப்ஸ் மாற்றினார். சாயங்காலம் என்னிடம் வந்து, “ப்ரமோஷன் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடப் போறேன் யமுனா. எனக்குப் பழைய வேலையே போதும்” என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். பஸ் பிடித்து நேரே ஸ்ரீரங்கம் போனேன்.

மேடம் காபி கொடுத்தார். குடிக்காமலே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

“நான் நல்லதுதானேடி செஞ்சேன்? புள்ளைங்க கேக்குதுங்க, சொல்றேன்.”

“நீங்க சொல்ற வரைக்கும் ஷரபுன்னிசா மேடம் சொல்றத யாரு கேப்பாங்க மேடம்?”

அவர் முகம் வாடிப்போயிற்று. ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பையன் பெங்களூரில். வீட்டில் வேறு சத்தமே இல்லை.

“யாராவது எங்கிட்ட ஏதாவது கேட்டா நல்லா இருக்கு யமுனா” என்றார் மெதுவாக. எனக்குக் கோபப்பட்டு வந்ததற்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். நர்ஸ்கள் ரூமில் அவரை உட்காரவைத்து எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். ஃபெமினா சமயம் பார்த்து, “மேடம், எனக்கு வெள்ளிக்கிழமை லீவு…” என்று ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஷரபுன்னிசா மேடம் உள்ளே வந்தார். சூப்பிரண்டு வந்தால் நர்ஸ்கள் எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். அன்று யாருக்கும் அந்த நினைப்பே இல்லை.

அகிலாண்டம் மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “குட் மார்னிங் மேடம்” என்றார். இத்தனை வருஷமாக “ஷரபு, இங்க வா” என்று கூப்பிட்ட வாய் அது. நாங்களும் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தோம்.

“ஐயோ, நீங்க உக்காருங்க மேடம்” என்று பதறினார் ஷரபுன்னிசா மேடம்.

“நீங்க மொதல்ல உக்காருங்க. ஃபெமினாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு வேணுமாம். என்னன்னு கேளுங்க.”

ஷரபுன்னிசா மேடம் உட்கார்ந்தார். கொஞ்சம் யோசித்தார்.

“வெள்ளிக்கிழமை முடியாது ஃபெமினா. அடுத்த வாரம் பாக்கலாம்.”

ஃபெமினா ஆசையோடு அகிலாண்டம் மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.