பௌர்ணமிக்குப் பௌர்ணமி கட்டிய வரி

கன்னியம்மாளுக்குப் பலராமன் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில் கன்னியம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறார். கணவர் வேணு இறந்ததும் வீட்டைப் பிரித்தார்கள். முன்பக்கம் வேணுவின் அண்ணன் பலராமனுக்கு, பின்பக்கம் கன்னியம்மாளுக்கு. பலராமன் முன்பக்கத்தில் நான்கு குளியலறைகள் கட்டி, பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார். வீட்டு வரி மட்டும் பிரிக்காமல் வேணு பேரிலேயே கிடந்தது. "அத நான் கட்டிக்கறேன்மா" என்றார் பலராமன். கன்னியம்மாள் தன் பங்கைத் தவறாமல் அவர் கையில் கொடுத்தார். அவர் கட்டவே இல்லை.

போன வருடம் மொத்தப் பாக்கிக்கும் நோட்டீஸ் வந்தது. கட்டாவிட்டால் வீடு ஜப்தி.

"உன்னால முடியாது கன்னிம்மா. உன் பங்க எனக்கு எழுதிக் குடுத்துடு, பாக்கிய நான் பாத்துக்கறேன்."

"இதுக்குத்தான் கட்டாம வெச்சிருந்தீங்களா மாமா?"

பலராமன் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கன்னியம்மாளை மறுநாள் காலையிலேயே வரி அலுவலகத்துக்குத் துரத்தியது.

"பாக்கிய தள்ளுபடி பண்ண முடியாதுங்க" என்றார் அங்கிருந்த சந்திரகலா. "ஆனா மொத்தமா கட்ட முடியலன்னு மனு குடுத்து தவணை கேக்கலாம். வீடு பிரிஞ்சிருந்தா வரியையும் பிரிக்கச் சொல்லி எழுதுங்க. முன்னாடி இருக்கறது வீடா, வியாபாரமானு நாங்க வந்து பாப்போம்."

"பௌர்ணமி அன்னிக்கு வாங்க மேடம். மத்த நாள்ல பூட்டிட்டு, வீடுன்னு சொல்லிடுவாரு."

பௌர்ணமி அன்று வரி அலுவலர் இளவரசன் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். பலராமன் அவரைப் பக்தர் என்றே நினைத்துவிட்டார்.

"வாங்க சாமி! தண்ணி ஜாஸ்தி, காசு கம்மி!"

"எத்தினி வருஷமா நடத்தறீங்க?"

"எட்டு வருஷம் சாமி. எல்லாம் நம்ம சொந்தம். பின்னாடி வீடும் சீக்கிரம் நம்மளுதுதான்."

கன்னியம்மாள் இட்லித் தட்டோடு எட்டிப் பார்த்தார். "நல்லா சுத்திக் காட்டுங்க மாமா. சாரு வரி போட வந்திருக்காரு."

வரி பிரிந்தது. குளியலறைகளுக்கு வியாபார வரி, எட்டு வருடப் பாக்கியோடு, பலராமன் தலையில் விழுந்தது. கன்னியம்மாளுக்குத் தவணை கிடைத்தது. இட்லி அதிகம் விற்கும் பௌர்ணமிக்கு மறுநாளையே கெடுவாகக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு முறையும் ரசீதைப் பலராமன் முகத்துக்கு நேராக விசிறிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

"எனக்கும் தவணை வாங்கித் தரக் கூடாதா கன்னிம்மா?"

"ஆபீஸ் அங்கியேதான் இருக்குது. பஸ் ஏறிப் போங்க."

கடைசித் தவணையும் முடிந்து வீடு தப்பியது. கன்னியம்மாள் அதோடு விடவில்லை. தன் குளியலறைக்கு வெள்ளையடித்து, பின்பக்கம் போகும் சந்தின் முனையில் ஒரு பலகை மாட்டினார்: "இட்லி சாப்பிட்டால் குளிக்க இலவசம்."

இந்தப் பௌர்ணமிக்குக் கூட்டம் பலராமனின் நான்கு கதவுகளையும் தாண்டிப் பின்பக்கம் போனது. அவர் வாசலில் வெறுமனே நின்றார்.

"மாமா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நீங்க குளிக்கணும்னாலும் ரெண்டு இட்லி வாங்கணும்!"