பூஜையில் வைத்த டோக்கன்

சீதாலட்சுமிக்கு ஒரு பழக்கம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போவாள், திரும்பி வந்து பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பாள். மறுபடி தெருமுனை, மறுபடி சந்தேகம். மதுரை மஹால் பக்கத்துச் சந்தில் குடியிருப்பவர்களுக்கு அவள் பூட்டை இழுக்கிற சத்தம் கேட்டால்தான் ஆபீஸ் நேரம் ஆகிவிட்டது என்று உறைக்கும். "பூட்டு பாவம், அது என்ன செஞ்சது" என்று கணவர் துளசிராம் கேலி செய்வார். அவள் காதிலேயே வாங்கமாட்டாள். இப்படிப்பட்ட பிறவியைக் கொண்டுபோய் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் உட்கார வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை, ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

சௌராஷ்டிரக் குடும்பம். துளசிராமுக்குச் சிம்மக்கல்லில் சேலை மொத்த வியாபாரம். சீதாலட்சுமி டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு பல்கலைக்கழகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள். ஸ்டென்சில் வெட்டியும் மதிப்பெண் பட்டியல் அடித்தும் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனது. கம்ப்யூட்டர் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தாள். கூட இருந்தவர்கள் கண்பார்வையைக் காரணம் காட்டி நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள். இவள் மட்டும், மவுஸ் மேஜையை விட்டுக் கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்தே கற்றுக்கொண்டாள். இரண்டாயிரத்து எட்டில் அவள்தான் பிரிவின் சூப்பிரண்டெண்ட். தேர்வு முடிவுகளை இணையத்தில் வெளியிடும் அதிகாரம் அவள் பெயரில் இருந்தது.

பெயரில் இருந்ததே தவிர, வெகுநாள் வரைக்கும் அவள் கையில் இல்லை. பாஸ்வேர்டு என்றால் ரகசியம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அந்தப் பிரிவில் அது சுவர்க் காலண்டரில், முருகனின் வேலுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அவசரம் என்று சொல்லி யார் வேண்டுமானாலும் அவள் பெயரில் உள்ளே போவார்கள், வருவார்கள். ஒருநாள் எவனோ அப்படிப் போய் ஒரு மாணவனின் மதிப்பெண்ணை மாற்றிவிட்டான். விசாரணை வந்தது. மாற்றிய அன்றைக்கு அவள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அழகர்கோவிலில் தம்பி பேரனின் முடியிறக்கில் இருந்தாள், அதனால் தப்பித்தாள். ஆனாலும் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அவளைப் பல நாள் அரித்தது. திருடாமலே திருட்டுப் பட்டம் வாங்கினமாதிரி கூனிக் குறுகிப்போனாள்.

அதற்குப் பிறகுதான் டோக்கன் வந்தது. சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவில் சாம்பல்நிற வில்லை ஒன்று. நடுவில் சின்னக் கண்ணாடி, அதில் ஆறு இலக்கம். நிமிஷத்துக்கு ஒருதரம் எண் தானாக மாறிக்கொள்ளும். பாஸ்வேர்டைப் போட்டு, அந்த நிமிஷம் வில்லையில் தெரிகிற எண்ணையும் போட்டால்தான் கம்ப்யூட்டர் உள்ளே விடும். இந்த இரண்டும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் உள்ளே போகலாம், ஒன்று குறைந்தாலும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே வெளியில் நிற்க வேண்டியதுதான். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொண்டுவிடும். அப்புறம் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்துக்காரர்கள் மனது வைத்தால்தான் திறக்கும்.

மற்றவர்களுக்கு அது பெரிய இம்சை. தாயத்து என்று பேர் வைத்துக் கிண்டலடித்தார்கள். சீதாலட்சுமிக்கோ, தன்னைப்போலவே இரண்டுதரம் இழுத்துப் பார்க்கிற ஒரு பூட்டை யாரோ செய்துவிட்டார்கள் என்று மனசு குளிர்ந்துபோனது. சாவிக்கொத்தோடு இடுப்பில் சொருகிக்கொண்டாள். அந்த எண்ணைத் தன் கண்ணைத் தவிர வேறு கண் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டாள். விசாரணைக்குப் பிறகு அவள் அசந்து தூங்கியது அன்றைக்குத்தான்.

அந்த வருஷச் சரஸ்வதி பூஜை வந்தது. சோறு போடுகிற கருவியைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிடுகிற நாள். பிள்ளைகளின் புத்தகம், கடைக் கத்தரிக்கோல், முழக்கோல், துளசிராமின் செல்போன் எல்லாம் பூஜையறையில் வரிசையாக ஏறின. முந்தியெல்லாம் சீதாலட்சுமி தன் டைப்ரைட்டருக்கு ஆபீஸிலேயே பொட்டு வைத்துவிட்டு வந்துவிடுவாள். இப்போதுதான் வீட்டிலேயே அவளுக்கென்று ஒரு கருவி இருந்தது. டோக்கனை ஈரத்துணியால் துடைத்து, தாம்பாளத்தில் அம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள். துளசிராம் அதற்கும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். அவர் தாராளம் காட்டுவது அந்த ஒரு காரியத்தில்தான்.

பூஜை விஷயத்தில் அவர் படு கறார். வைத்தது வைத்ததுதான். மறுநாள் காலையில் புனர்பூஜை முடிகிற வரைக்கும் எதையும் யாரும் தொடக் கூடாது. ஒரு வருஷம் கைமறதியாகத் தன் மூக்குக்கண்ணாடியையே கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்துப் பூஜை போட்டுவிட்டு, மறுநாள் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த மனிதர் அவர்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்லகாமன் வந்தார். பரவைக்கு அந்தப் பக்கம் கத்தரி, வெண்டை போட்டு மார்க்கெட்டுக்கு அனுப்புகிற விவசாயி. அவர் மகள் தமிழ்ச்செல்விக்குக் கடைசி வருஷம் ஒரு பேப்பர் போய்விட்டது. மறுமதிப்பீட்டுக்கு மனுப் போட்டுவிட்டு ஆபீஸுக்கு நடையாய் நடந்தவர் அவர்தான், அதில் சீதாலட்சுமியைத் தெரியும். சிம்மக்கல்லில் துளசிராம் கடைப்பக்கம் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். உள்ளே வாங்க என்று சொல்லியும் நிலைப்படியிலேயே நின்றார்.

விஷயம் இதுதான். தமிழ்ச்செல்விக்குப் புனேயில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, பயிற்சியும் நடந்துகொண்டிருந்தது. அவள் பாஸ் என்று பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இன்று சாயங்காலத்துக்குள் காட்டவேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆளைக் குறைக்கக் கம்பெனிகள் காரணம் தேடிக்கொண்டிருந்த வருஷம் அது. இணையத்தில் அவள் தேர்வு எண்ணைப் போட்டால் இன்னும் பழைய முடிவுதான் வந்துகொண்டிருந்தது.

குற்றம் தங்கள் பக்கம் என்று சீதாலட்சுமிக்குத் தெரியும். அந்தப் பெண் பாஸ். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடி, மேலதிகாரியின் கையெழுத்தும் ஆகி, முந்தின நாளே எல்லாம் தயாராக இருந்தது. உள்ளே போய் வெளியிடவேண்டியதுதான் பாக்கி. ஆனால் கையெழுத்தாகி வந்த நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொட்டு வைத்துச் சூடம் காட்டி முடித்திருந்தார்கள். லீவு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஆளுக்கொரு பொட்டலம் சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள், அவளும் கிளம்பினாள். பொட்டு வைத்த கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு பெண் காத்துக்கொண்டிருப்பாள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

"எப்படியாச்சும் ஒரு வழி பண்ணுங்கம்மா. போன்ல அழுகக்கூட மாட்டேங்குறா. அழுதான்னாக்கூட எனக்குத் தேவல. பேச்சே இல்லாம இருக்கா" என்றார் நல்லகாமன்.

சீதாலட்சுமி பூஜையறைப் பக்கம் திரும்பினாள். துளசிராம் அங்கே நின்றுகொண்டிருந்தார். டோக்கனை எடுத்துக்கொண்டு போய் ஏதாவது பிரவுசிங் சென்டரில் வேலையை முடித்துவிட்டு வந்துவிடட்டுமா என்று தங்கள் வீட்டு மொழியில் மெதுவாகக் கேட்டாள். கூடாது என்று அவரும் மெதுவாகவே சொன்னார். அவர் சத்தம் போட்டால் சமாளித்துவிடலாம், மெதுவாகச் சொன்னால் அதற்குமேல் பேச்சு கிடையாது. அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். போன மானம் திரும்பி வந்ததே அந்த வில்லையால். அதைப்போய் அம்மன் காலடியிலிருந்து பாதியில் உருவுவதா என்று கை வரவில்லை.

நல்லகாமனுக்கு அவர்கள் மொழி புரியவில்லை, முகம் புரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் துளசிராமே வாயைத் திறந்தார், இந்தத் தடவை தமிழில்.

"தொடத்தான கூடாது, பாக்கலாம்ல? நீ போய்க் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து போனைப் போடு. நான் இங்கிட்டு இருந்து பாத்துச் சொல்றேன்."

அவர் சட்டத்துக்கு அவர் ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டார். அவள் சட்டத்துக்குத்தான் சந்து இல்லை. இன்னொரு கண் பார்ப்பது மட்டுமா, போனில் வேறு ஓதவேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தக் காலை அவளுக்கு ஞாபகம் வந்தது. பாஸ்வேர்டு தன் மண்டைக்குள் பத்திரமாக இருக்கிறது, எண் மட்டும்தான் வெளியே வரும், அதுவும் ஒரு நிமிஷத்தில் செத்துப்போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனையிலிருந்து ஒருதரம்கூடத் திரும்பி வராமல் அவள் வீட்டை விட்டுப் போனது அன்றைக்குத்தான்.

மதுரையில் அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைப்பது லேசான காரியமா என்ன. எந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் வாசலில் வாழைக்கன்று, திரையில் சந்தனம், கீபோர்டு மேல் பொரி. ஆன் பண்ணுங்கள் என்று கேட்டால், சாமி குத்தம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆட்டோவில் அலைந்து அலைந்து கடைசியில் சிம்மக்கல்லில் ஜெயபாண்டி என்பவரின் சென்டரில்தான் வழி பிறந்தது. பூஜை முடிந்த பிறகு ரிப்பேரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் பொட்டில்லாமல் மூளியாக நின்றது. "அதுல வேணா உக்காருங்கக்கா, அதுக்குச் சாமி கணக்கு கெடையாது" என்றார் அவர்.

சீதாலட்சுமி பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுத் தன் செல்போனில் வீட்டைக் கூப்பிட்டாள். துளசிராமின் செல்போன் பூஜையில் இருந்ததால் ஹாலில் இருந்த போனுக்குத்தான் பேசவேண்டும். அதன் வயர் பூஜையறை வரைக்கும் வராது. அதனால் துளசிராம் பூஜையறையில் நின்று ஒவ்வொரு இலக்கமாகச் சத்தம் போடுவது, நல்லகாமன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்வது என்று ஏற்பாடு. யார் கண்ணுக்கும் காட்டமாட்டேன் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த எண்ணை இரண்டு ஆண்கள் ஏலம் விடுகிற மாதிரி கூவிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை, கடைசி இலக்கத்துக்கு வந்ததும் துளசிராம் தயங்கினார். குங்குமம் சரிந்து அதைப் பாதி மறைத்திருந்தது. அவர் குனிந்து, சாய்ந்து, எட்டிப் பார்த்து, ஒருவழியாகச் சொல்லி முடிப்பதற்குள் நிமிஷம் முடிந்து எண் மாறிவிட்டது. தவறு என்று திரையில் சிவப்பாக வந்தது.

இரண்டாவது தடவை எண் மாறிய உடனே ஆரம்பித்தார்கள். இலக்கங்கள் மளமளவென்று வந்தன. கடைசி இலக்கத்தில் துளசிராம் தயங்கவில்லை, மேல்பாதியை வைத்து எட்டு என்று ஊகித்துச் சொல்லிவிட்டார். மறுபடியும் சிவப்பு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது.

சீதாலட்சுமி கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். இதுவும் போனால் பூட்டிக்கொள்ளும். மையத்துக்காரர்கள் லீவு முடிந்து வருவதற்குள் அந்தப் பெண் புனேயில் ரயில் ஏறியிருப்பாள். குங்குமத்தைத் துடையுங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கண்ணாடியைத் தொடாமல் சுவரைப் பிடித்து நடந்த மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது?

"ஒரு தடவைதாண்ணே பாக்கி இருக்கு" என்று மட்டும் நல்லகாமனிடம் சொன்னாள்.

நல்லகாமன் அதைப் பூஜையறைப் பக்கம் திரும்பிச் சொன்னது அவளுக்குக் கேட்டது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. அப்புறம் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தபோது ரிசீவர் கைமாறுகிற சத்தம் கேட்டது.

"நான்தான். புது நம்பர் வந்துருச்சு, சொல்றேன், போடு."

துளசிராமின் குரல், காதுக்குப் பக்கத்திலேயே. அடுத்து எண்ணைத் தங்கள் வீட்டு மொழியில் ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார். போன் இருப்பது ஹாலில், டோக்கன் இருந்தது அம்மன் படத்துக்குக் கீழே. அது நடந்து வரவில்லை. அவர் எடுத்துவிட்டார் என்று சீதாலட்சுமிக்குப் புரிந்தது. விரல் பழைய டைப்ரைட்டர் பழக்கத்தில் தானாக ஓடியது. அதுவரைக்கும் சிவப்பையே காட்டிக்கொண்டிருந்த திரை உள்ளே விட்டது.

வெளியிட்டாள். வெளியில் வந்து, எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் தமிழ்ச்செல்வியின் தேர்வு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். தேர்ச்சி என்று வந்தது. போனில் அதைச் சொன்னாள். தன் கணக்கிலிருந்து சரியாக வெளியேறிவிட்டோமா என்று ஒருதரம் பார்த்தாள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொருதரம் பார்த்தாள். ஜெயபாண்டி சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மதியத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கிப்போனது. நடந்ததை லீவு முடிந்ததும் தானே போய் மையத்தில் சொல்லிவிடவேண்டும், பாஸ்வேர்டையும் மாற்றிவிடவேண்டும் என்று ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது துளசிராம் இரண்டாந்தரம் குளித்து ஈரத்தலையோடு இருந்தார். டோக்கன் தாம்பாளத்தில் அதே இடத்துக்குப் போயிருந்தது. புதுச் சந்தனம், புதுக் குங்குமம், ஆனால் இந்தத் தடவை பின்பக்கத்தில். ஏன் எடுத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர்தான், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மன்கிட்ட நான் சொல்லிட்டேன். நாளைக்குப் புனர்பூஜை முடியுற வரைக்கும் நீ தொட்டுறாத."

நல்லகாமன் இப்போது ஹாலில் பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டில் சுண்டல் தொடப்படாமல் இருந்தது. மகளுக்குச் செய்தி சொல்லி, அவள் கம்பெனியில் காட்டிவிட்டுக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார். போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். வேலை நிலைத்ததா இல்லையா என்று தெரியாமல் புருஷனும் பெண்டாட்டியும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நல்லகாமன் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"அழுகுறாம்மா" என்றார்.