பல் வண்டியும் லச்சம்மாவின் இரண்டு கைகளும்

கனகவல்லியின் சிரிப்பு செகந்திராபாத் ரயில்வே காலனியில் நாலு வீடு தாண்டிக் கேட்கும். விழுப்புரம் பக்கத்துக்காரி, கணவர் ஒர்க்‌ஷாப்பில் தச்சர். அவளுக்கு வேலை பல் வண்டியில். ஒரு பழைய ரயில் பெட்டியை நிஜாம் சர்க்கார் செலவில் பல் ஆஸ்பத்திரியாக்கி, கிராமத்து ஸ்டேஷன்களில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். டாக்டர் தேவசகாயம் பல்லைப் பிடுங்குவார். கனகவல்லி தலையைப் பிடித்துக்கொள்வாள். எது கஷ்டமான வேலை என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள்!

குஷாய்குடா பக்கத்து ஸ்டேஷனில் மட்டும் ஒருவரும் ஏறுவதில்லை. இந்தத் தடவையும் ஆள் வராவிட்டால் வண்டி இனி இங்கே நிற்காது என்று மேலிடம் சொல்லிவிட்டது. கனகவல்லி விடுவதாக இல்லை. சொந்த ஊரில் கொல்லன் குறட்டால் பல் பிடுங்கியதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

வேலிக்கு அப்பால் உள்ளூர்க்காரி லச்சம்மா நின்றாள். கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது. சீக்கிரமே மகளுக்குக் கல்யாணம். லச்சம்மாவுக்கோ கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

"ஏறு அக்கா, காசு கெடையாது," என்றாள் கனகவல்லி, தனக்குத் தெரிந்த தெலுங்கில்.

"அம்மோ, வத்து, வேணாம்! ஏறினதும் வண்டிய எடுத்துட்டீங்கன்னா? கல்யாணத்த யாரு நடத்துறது?"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. பயம் குறட்டின் மேல் இல்லை, சக்கரத்தின் மேல்!

"டாக்டரய்யா, நாற்காலிய கீழ எறக்கிடுவோம்."

"பிளாட்ஃபார்ம்லயா? என்னம்மா இது, தெருக்கூத்தா?"

"கூத்துன்னாத்தான்யா கூட்டம் வரும்."

வந்தது. ஊரே வேலியில் தொங்கியது. லச்சம்மா உட்கார்ந்தாள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, "வலிச்சா கையைத் தூக்கு," என்றார் டாக்டர். குறடு வாய்க்குள் போனதுதான் தாமதம், இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிவிட்டாள்.

ரயில்வேயில் அப்படித் தூக்கினால் ஆபத்து, வண்டியை நிறுத்து என்று அர்த்தம். நிற்காமல் போக வேண்டிய கூட்ஸ் வண்டி கிறீச்சிட்டு நின்றது. லச்சம்மா திகைத்துப்போய் வாயைப் பிளந்தாள். பிடுங்கிய பல் டாக்டர் கையில் இருந்தது.

டிரைவர் வேதாசலம் இறங்கி ஓடிவந்தார். "எவன்யா வண்டிய நிறுத்துனது? மேல சொன்னேன்னா எல்லாரு சீட்டும் கிழியும்!"

டாக்டர் முகம் வெளுத்தது. புகார் போனால் பல் வண்டியின் கதை அதோடு முடிந்தது. கனகவல்லியோ டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷன் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கத்தினார்.

"எத்தனை நாளாண்ணே வலி?"

"அது... ஒரு மாசமா."

"உக்காருங்க."

அவள் பிடித்த பிடியில் வேதாசலம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாயில் பஞ்சோடு அவர் இன்ஜினுக்குத் திரும்பியபோது நாற்காலிக்கு முன்னால் வரிசை வேலியைத் தாண்டி நீண்டிருந்தது. கூட்ஸ் தாமதத்துக்கான பழி, வேதாசலம் எழுதிய ரிப்போர்ட்டில், தண்டவாளத்துக்கு வரவே வராத ஓர் எருமையின் மேல் விழுந்தது.

அடுத்த முறையும் வண்டி அங்கே நின்றது. லச்சம்மா தானாகவே பெட்டிக்குள் ஏறினாள், கல்யாணத்துக்குச் சுட்ட சகினாலு மூட்டையோடு. நம் முறுக்குக்கு உறவு, ஆனால் பல்லுக்குச் சவால். முதலில் தானே ஒன்றை எடுத்து மொறுக்கென்று கடித்தாள். அந்தச் சத்தத்தில் கனகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எறங்கு அக்கா, வண்டி கெளம்பப்போவுது."

"கெளம்பட்டுமே," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள் லச்சம்மா. "செகந்திராபாத்தையும்தான் பாத்துடுவோம்!"