கடையாணி பார்க்காத வண்டி

இன்று மெக்கானிக் கடையில் பெட்ரோலும் கிரீஸும் கலந்த வாடை அடித்ததும், மலையடிவாரத்து எங்கள் ஊர் காரவள்ளியில் இப்போது தார்ச்சாலை போகும் இடத்தில் அன்று இருந்த எங்கள் மாட்டுக் கட்டுத்தரை நினைவுக்கு வந்தது. மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரிடம் அப்பா வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் அங்கே எருதுகளுக்குப் பக்கத்தில் நிற்கும். கல் நிறைந்த வண்டித்தடத்தில் குலுங்கிக் குலுங்கி, தினமும் ஒரு நட்டையாவது உதிர்த்துவிட்டு வரும். கிளம்பும் முன் நட்டுகளை முடுக்கச் சொல்லி அம்மா சொன்னால், "சாமி பாத்துக்கும்" என்பார் அப்பா. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

தம்பிக்குக் காய்ச்சல் முற்றிய அன்று, அவனை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் உட்கார்ந்தாள். பாதி வழியில் சக்கரத்து நட்டு கழன்று வண்டி முள்வேலியில் சாய்ந்தது. சிராய்ப்போடு எழுந்த அம்மா, காளப்பநாயக்கன்பட்டி டாக்டர் வீடுவரை தம்பியைத் தூக்கிக்கொண்டே நடந்தாள். அவன் பிழைத்தான்.

மறுநாள் காலை அம்மாவே ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

"ஏனுங்க, கடையாணி பாக்காம எவனாச்சும் மாட்டு வண்டி பூட்டுவானா? இத மட்டும் சாமி பாத்துக்குமா?"

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு நட்டையும் முடுக்கி, கழலாமல் கம்பி கட்டி, "போங்க" என்று சொன்ன பிறகுதான் அப்பா வண்டியை உதைப்பார்.

அம்மா மட்டும் அதில் மறுபடி ஏறவேயில்லை.